கொம்பனை விட்டவர்

— உதிலையும் சிவப்புப் புள்ளிதானே எரியுது. முதல் காட்டினதிலையும் சிவப்புப் புள்ளி, அதுக்கு முதல் காட்டினதிலையும் சிவப்புப் புள்ளி. அப்ப மூண்டுக்கும் என்ன வித்தியாசம், தங்கராசா தம்பி?

— கண்ணாடிதான் வித்தியாசம், ஜெகதீஸ்வரன் அண்ணன். மறுகா முன்பக்கத்து வாயிட அகலம். அரை மணித்தியாலமா அதத்தானே சொல்லுறன்.

— எனக்கு விளங்கேல்லை.

— இஞ்சேருங்கோ, உங்களுக்கு விளங்குமட்டும் நிண்டால் இந்தத் தம்பி எங்களை உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு வீட்டை போயிடும். ஆறு மணிக்குக் கடை பூட்டு. தம்பி, குறை நினையாதேங்கோ. இவர் ஒரு சேட்டு வாங்கிறதெண்டாலும் இப்பிடித்தான். நாலு கடை ஏறி இறங்கி, கடைசியிலை முதல் பாத்த சேட்டையே எடுத்துக்கொண்டு வருவார்.

— மலர், சேட்டு வேறை, ரைபிளிலை பூட்டிக் குறி பாக்கிற ஸ்கோப் வேறை.

— வேறைதான். சேட்டு வாங்க என்னைக் கூப்பிடுறேல்லை. இதுக்கு மட்டும் வெஸ்ட்லியிலை இருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறியள்.

— நான் எங்கை இழுத்தனான்? நீதானே, இவரை விட்டால் மலிஞ்ச சாமானை வாங்கிக்கொண்டு வந்து சம்பந்தி வீட்டிலை மானத்தை வாங்கிப்போடுவார் எண்டு வெளிக்கிட்டனீ.

— பின்னை? போன வருசம் சம்பந்தியின்ரை தேப்பன் காலத்து ஸ்கோப்பைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குள்ளை இருந்தனீங்கள். இந்த வருசமும் போய்க் கை நீட்டப் போறியளோ?

— அக்கா, நீங்க அந்தக் கதிரையில கொஞ்சம் இரிங்க. அண்ணன், நாம முதல்ல இருந்து வருவம். என்ன மிருகத்துக்கு?

— எல்க்.

— எந்தப் பக்கம்?

— ஹெட்மார்க். எங்கடை மகளின்ரை மாமன், ஸ்தைனார் எண்டு பேர், அவையின்ரை காடு.

— அப்ப சம்பந்தி நோர்வேக்காரரா?

— ஓம் தம்பி. நல்ல சனம். அவற்றை மகன் மாட்ஸைத்தான் எங்கடை யதுர்ஷா கட்டினவள். முதல் நானும் ஒரு மாதம் சோறு தண்ணி இல்லாமல் அழுதனான்தான், பொய் சொல்லக்கூடாது. இப்ப கேட்டால் மாட்ஸ் மாதிரி ஒரு மருமகன் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் எனக்குக் கிடையாது. கையாலை குழைச்சுச் சாப்பிடுவான். தோசை சுடுவான்.

— மலர், தம்பி எல்க்கைப் பற்றியெல்லோ கேட்டது.

— எல்க்குக்குத்தான் வாறன். எங்கடை சம்பந்திமார் எண்டால் பலகாரத் தட்டு கொண்டு வருவினம். இந்தச் சம்பந்தி கலியாணம் முடிஞ்ச கையோடை இவருக்குத் தன்ரை பழைய துவக்கை எழுதிக் குடுத்தவர். வேட்டைச் சோதினை பாஸ் பண்ணிப்போட்டு வா எண்டவர். இவர் பாஸ் பண்ணினவர். எழுத்துச் சோதினையிலை ஒரு பிழையும் இல்லை.

— புத்தகத்தைப் பாடமாக்கினனான். வேறை ஒண்டுமில்லை.

— பத்து வருசமா இந்தக் கடையில நிக்கிறன். எல்க் சுட ஸ்கோப் கேட்டு வந்த முதல் தமிழர் நீங்கதான் அண்ணன். அதுவும் யாழ்ப்பாணத்து ஆள்.

— ஏன், மட்டக்களப்பு ஆக்கள்தான் துவக்குப் பிடிக்கவேணுமோ?

— அப்பிடிச் சொல்லல்ல அக்கா. உங்கட ஆக்கள் இந்தக் கடைக்கு வந்தா ரோர்ச் லைற் வாங்குவாங்க, குளிர்க் காலுறை வாங்குவாங்க. ரெண்டையும் விலை கேட்டுப்போட்டுப் போயிருவாங்க.

— இனி வருவினம் பாருங்கோ. ஹவுகெட்டோவிலை குலசேகரம் அண்ணரும் வேட்டைச் சோதினைக்குப் படிக்கிறாராம். எங்கடை வீட்டுப் படத்தைப் பாத்த நாளிலை இருந்து அந்த மனுசன் இருப்புக் கொள்ளாமல் திரியுது.

— என்ன படம் அக்கா?

— அதை விடு மலர்.

— ஏன் விடவேணும்? வாசலிலை மாட்டிக் கிடக்கு தம்பி. இவர் துவக்கோடை நிக்கிறார், காலடியிலை எல்க் கிடக்கு. குதிரையளவு மான். ஒரு வெடிதான். இறைச்சி பங்கு போட்டு ரெண்டு பிறீசர் நிறைஞ்சுது. வெஸ்ட்லியிலை ஒரு தமிழ் வீடு மிச்சமில்லை, எல்லாருக்கும் பிரட்டல் குடுத்தனான்.

— விடெண்டு சொன்னனானெல்லே. தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். உந்தப் புள்ளியைப் போட்டால், முன்னாலை நிக்கிற சாமான் வெளிச்சமாய்த் தெரியுமோ?

— இல்ல அண்ணன். புள்ளி உள்ளுக்குத்தான் எரியும். காட்டுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சமும் போகா. எல்க்குக்கும் தெரியா.

— பேர் என்னவோ வெளிச்சம் உள்ள ஸ்கோப் எண்டுதானே போட்டிருக்கினம்.

— அது உங்கட குறிக்கு வெளிச்சம். இப்ப உங்கட பழைய ஸ்கோப்புக்குள்ள என்ன இரிக்கு? மெல்லிசாக் கறுப்புச் சிலுவைக் கோடு, சரியா? பொழுது பட்டா எல்க்கும் கறுப்பு, காடும் கறுப்பு. கோடு எங்க நிக்கு எண்டு தெரியா. அதுக்குத்தான் நடுவுல இந்தச் சிவப்புப் புள்ளி. உங்கட துவக்கு எந்த இடத்தப் பாக்குது எண்டு அது காட்டும்.

— அந்த இடத்திலை நிக்கிறது என்னவெண்டு காட்டுமோ?

— அதக் காட்டா.

— அப்ப அதைக் காட்டுறது எது?

— உங்கட கண்தான். மறுகா நல்ல கண்ணாடி. இந்தா, இந்த வாய் பெருத்தது இரிக்கே, இது வெளிச்சத்த நல்லா அள்ளும். மத்ததுக்குள்ள இருட்டிப் போனாலும் இதுக்குள்ள இன்னும் கால் மணித்தியாலம் பாக்கலாம்.

— கால் மணித்தியாலம். அதுக்குப் பிறகு?

— அதுக்குப் பொறகு வீட்ட வரணும்.

— சரியாய்ச் சொன்னியள் தம்பி. இஞ்சேருங்கோ, உந்த வாய் பெருத்ததையே எடுங்கோவன். பாக்கவும் எடுப்பாய்க் கிடக்கு.

— ஸ்தைனார் சின்னனாய் எடுக்கச் சொன்னவர், மலர். அங்கை மரம் அடர்த்தி. அறுபது எழுபது மீற்றருக்குள்ளைதான் வரும், ஓட்டத்திலை வரும். பெரிசாய்க் காட்டினால் ஒரு மயிர்த் திட்டுத்தான் தெரியும், தலை எது வால் எது எண்டு பிடிபடாதாம்.

— அவர் சொல்றதும் சரிதான் அக்கா. ஓடுறதுக்கு ஒண்டரை மடங்கு போதும். பொழுது பட நிண்டு பாத்துச் சுடுறதுக்குப் பெரிய வாய் வேணும்.

— அப்ப ரெண்டும் சரியெண்டால் நான் எதை வாங்கிறது? குலசேகரம் அண்ணர் இன்ரநெற்றிலை பாத்திட்டு, பன்னிரண்டு மடங்குக்குக் குறைஞ்சு எடுத்தால் காசு கரி எண்டு சொல்றார்.

— அந்த அண்ணர் எத்தனை எல்க் சுட்டிரிக்கார்?

— ஒரு எலியும் சுடேல்லை. மனுசி அடிச்சதை எடுத்து எறிஞ்சதுதான். தம்பி, நான் சொல்றதைக் கேளுங்கோ. இவருக்கு ஸ்கோப்பே தேவையில்லை. தெரியாத இருட்டிலையே சரியாய்ச் சுட்டவர். அந்தக் கதையை நீங்கள் கேக்கவேணும்.

— மலர்.

— நீங்கள் உந்தக் குழாயைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. தம்பி, போன வருசம் புரட்டாசி மாதம். வேட்டை தொடங்கிறது எப்பவும் செப்டம்பர் இருபத்தைஞ்சு, அது சரியாய் எங்கடை புரட்டாசிச் சனிக்குள்ளை வந்து விழும். இவருக்கு ஏழரைச் சனி. ஒரு சனிக்கிழமையும் விரதம் விட்டதில்லை. இது நடந்தது வேட்டை தொடங்கி அடுத்த சனிக்கிழமை. ஆக்கள் எல்லாம் விடியவெள்ளண்ணை சொசேச் சுட்டுச் சாப்பிடுகினம், இவர் வெறும் தேத்தண்ணியோடை போய் இருந்திட்டார்.

— பகல் முழுக்கச் சாப்பிடல்லையா அண்ணன்?

— ரெண்டு அவிச்ச உருளைக்கிழங்கு. ஸ்தைனார் எனக்கு வயித்திலை ஏதோ வருத்தம் எண்டு நினைச்சுக் குளிசை தந்தவர்.

— அந்த நேரம் நான் கோயிலிலை எள்ளெண்ணெய் எரிச்சுக்கொண்டு நிக்கிறன். பின்னேரம் பொழுது பட்டு வருது. அண்டைக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் அம்பிடேல்லை. கை ரேடியோவிலை சம்பந்தி சொல்றார், ஜெகன், உன்ரை பக்கம் எல்க் வருது எண்டு. தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே, அங்கை நினைச்சபடி சுடேலாது. கொம்பன் இத்தனை, பசு இத்தனை, கண்டுக்குட்டி இத்தனை எண்டு எழுதித்தான் குடுப்பினம்.

— தெரியும் அக்கா. மாறிச் சுட்டா பெரிய கரைச்சல்.

— அதுக்கு முதலே அவைக்குக் கொம்பன் கணக்கு முடிஞ்சுது. மிச்சம் ஒரேயொரு பசுதான். இவருக்கு முன்னாலை ரெண்டு வந்து நிக்குது. ஒண்டு கொம்பன். மற்றது கொம்பில்லாதது. மற்ற ஆக்களெண்டால் கொம்பைக் கண்டவுடனை தலைகால் தெரியாமல் சுட்டிருப்பினம். இவர் கொம்பனை விட்டிட்டு மற்றதைச் சுட்டவர். அதுவும் அந்த இருட்டிலை.

— அது லேசு இல்ல அண்ணன். மெய்யாத்தான் சொல்லுறன். இருபது வருசம் வேட்டைக்குப் போற நோர்வேக்காரனும் கொம்பு கண்டா யோசிக்காம விசைய அமத்திருவான்.

— அதைத்தானே சம்பந்தியும் சொன்னவர். எல்லாருக்கும் முன்னாலை இவரைக் கட்டிப்பிடிச்சவர். இப்ப அந்த ஊரிலை இவருக்கு என்ன பேர் தெரியுமோ? கொம்பனை விட்ட மனுசன். கடையிலை பெற்றோல் அடிக்கிற பெடியனும் அப்பிடித்தான் சொல்றான்.

— கதை முடிஞ்சுதோ?

— முடியேல்லை. இந்த வருசம் சம்பந்தி தன்ரை தேப்பன் நிண்ட இடத்தை இவருக்குக் குடுத்திருக்கிறார். அந்த இடத்திலை செத்த மனுசனுக்குப் பிறகு ஒருத்தரும் நிண்டதில்லையாம். பெத்த மகனுக்குக் குடுக்கேல்லை, இவருக்குக் குடுத்தவர். இப்ப சொல்லுங்கோ, இவ்வளவு மரியாதை செய்யிற வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்கோப்போடை போக வேண்டாமோ?

— போகத்தான் வேணும். அண்ணன், அக்கா இவ்வளவு சொல்றா, நீங்க ஏன் முகத்த இப்பிடி வச்சிரிக்கீங்க?

— மாட்ஸ் இந்த வருசம் துவக்கு எடுக்கமாட்டான், தம்பி.

— ஏன், மருமகனுக்கு என்ன?

— நான்தான் வேண்டாம் எண்டனான். யதுவுக்கு இப்ப ஆறு மாதம். வயித்துப்பிள்ளைக்காரியின்ரை புருசன் உயிர் கொல்லக்கூடாதெல்லே. பயந்து பயந்துதான் சொன்னனான், வெள்ளைக்காரப் பிள்ளை சிரிக்கும் எண்டு நினைச்சனான். ஒரு சொல்லு மறுத்துக் கதைக்கேல்லை. சரி மாமி, நான் துவக்கைத் தொடமாட்டன் எண்டிட்டுது. எங்கடை பெடியன்களெண்டால் ஆயிரம் விளக்கம் கேப்பாங்கள்.

— நல்ல மனுசன். அப்ப அவர் இந்த முறை வேட்டைக்கு வரமாட்டார்.

— வருவான். அதுதான் கதை. துவக்கு இல்லாதபடியால் நாயைக் குடுத்திட்டினம். நாயோடை பத்தைக்குள்ளாலை வந்து எல்க்கைக் கலைக்கிற வேலை அவன்ரை. எங்கை கலைக்கிறது? என்ரை பக்கம். எல்க் முன்னாலை வரும். அவன் பின்னாலை வருவான்.

— செம்மஞ்சள் சட்டை போடுவார்தானே?

— போடுவான். பொழுது பட்டால் அந்தச் சட்டையும் கறுப்புத்தான் தம்பி.

— ஓம். அது மெய்தான். இருட்டினா முதல்ல சிவப்புச் சாயம்தான் மங்கும்.

— நீங்கள் ரெண்டு பேரும் என்ன கதைக்கிறியள்? அவன் சின்ன வயசிலை இருந்து அந்தக் காட்டுக்குள்ளை திரியிறவன். இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன பயமே? நாள் முழுக்க ஒஸ்லோ றோட்டிலை பஸ் ஓட்டுறியள். மார்ச்சிலைதான் கண் சோதிச்சது, ஒரு குறையும் இல்லையெண்டு கடிதம் வந்தது.

— பஸ்ஸுக்கு முன்னாலை வாறது என்னவெண்டு தெரியாட்டில் பிறேக் அடிக்கலாம் மலர்.

— இதுக்கும் அப்பிடித்தானே. தெரியாட்டில் சுடாமல் இருங்கோவன்.

— ரேடியோவிலை பேரைச் சொல்லிப்போட்டினமெண்டால் அப்பிடி இருக்கேலாது. அது உனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பினம். வெடி கேக்காட்டில், தமிழன் நித்திரையாகிட்டான் எண்டு நினைப்பினம்.

— அப்பிடி நினைக்கிற சனமில்லை அவை.

— அவை நினைக்கமாட்டினம். அவை நினைக்கினம் எண்டு நான் நினைப்பன்.

— அண்ணன், கேட்டுத்தான் வாங்கணும். கேக்காம வாங்கிற ஆக்களுக்குத்தான் நான் பயப்படுறது. ஒண்டு செய்வம். கீழ சாமான் வைக்கிற நிலவறை இரிக்கு. நாப்பது மீற்றர் வரும். அந்தக் கோடியில ஒரு எல்க் தலை மாட்டியிருக்கம். இருட்டிப்போட்டு மூண்டையும் வச்சிப் பாருங்க. எதுக்குள்ள நல்லாத் தெரியுதோ அத எடுத்துட்டுப் போங்க. வாற சனிக்கிழமை வருசச் சூட்டுச் சோதினைக்கும் சரியா இரிக்கும்.

— நடவுங்கோ. நானும் வாறன். இவரைத் தனிய விட்டால் எல்க் தலையோடையும் கதைச்சுக்கொண்டு நிப்பார்.

— படி பாத்து அக்கா. தலையக் குனிங்க. இஞ்ச இந்தப் பெட்டியில முழங்கையக் குத்திட்டு இரிங்க அண்ணன். ஆ, அப்பிடித்தான். முதல்ல வாய் பெருத்தது.

— புள்ளியைக் காணேல்லை.

— இடப்பக்கம் ஒரு சில்லு இரிக்கு. திருகுங்க. ஒண்டுல இருந்து பதினொண்டு வரைக்கும் போகும்.

— ஆ, வந்திட்டுது. வடிவாய்க் கிடக்கு. இன்னும் கூட்டுறன்.

— கூட்டாதீங்க. இருட்டுக்கு ரெண்டு போதும். புள்ளி கூடினா உங்கட கண் புள்ளியத்தான் பாக்கும், பின்னால நிக்கிறது கரைஞ்சி போயிரும்.

— பிரகாசமாய் இருந்தால் நல்லதுதானே?

— எல்லாரும் அப்பிடித்தான் நினைக்காங்க. அக்கா, ஒரு உதவி. அந்தக் கோடியில சுவரோட ஒரு லைற் எரியுது பாருங்க. அத அணைச்சிப்போட்டு வாங்க. நான் இந்தப் பக்கத்து லைற்ற அணைக்கிறன்.

— இதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனீங்களாக்கும். இதென்ன தம்பி, வழி முழுக்கக் கோட்டுத் தூக்கி வைச்சிருக்கிறியள், ஒரு ஆள் போக இடமில்லை.

— குளிர்காலச் சாமான் அக்கா. மெல்லப் போங்க. அண்ணன், நீங்க அந்தப் பக்கமே பாத்துட்டு இரிங்க. கண் இருட்டுக்குப் பழகட்டும்.

— பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எத்தினையிலை விட்டனான் எண்டு தெரியேல்லை. ஒன்பதோ பத்தோ.

— குறைங்க எண்டன்தானே. சரி, லைற் போயிற்று. இப்ப என்ன தெரியுது?

— ஒண்டுமில்லை. இருட்டு. பொறுங்கோ. ஓம், தெரியுது. கறுப்பாய் ஒண்டு நிக்குது.

— அந்தத் தலைதான். கழுத்துத் தெரியுதா?

— தெரியுது. கழுத்து, பிடரி. கொம்பில்லை. பசு என்ன?

— கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போதுமா?

— போதும். நல்ல சாமான். நெஞ்சுக்கு நேரே புள்ளியை வைச்சிட்டன். ஆனால் அசையிற மாதிரிக் கிடக்கு.

— அசையுதா? சுவரில மாட்டின தலை எப்பிடி அண்ணன் அசையும்?

— அசையுது தம்பி. இந்தா, ஒரு பக்கமாய்ச் சரியுது.

— இஞ்சேருங்கோ, ஆராவது லைற்றைப் போடுங்கோ. என்ரை தாலிக்கொடி உந்தக் கோட்டுக் கம்பியிலை கொளுவிப்போட்டுது. இழுத்தால் அறுந்திடும் போலை கிடக்கு.

— அக்கா, நீங்க இன்னும் அங்கயா நிக்கீங்க? பொறுங்க, போடுறன்.

— கோதாரி விழுந்த கம்பி. சரி, கழண்டிட்டுது. வாறன் வாறன்.

— அண்ணன், எல்க் தலை வலப்பக்கச் சுவரில இரிக்கு, பாருங்க. நடுவுல நிண்டது அக்கா.

— என்ன, என்னையோ எல்க் எண்டவர்? கேட்டது எனக்கு. பிடரி தெரியுது, பசு எண்டெல்லாம் சொன்னது கேட்டது. இருபத்தாறு வருசம் கட்டி வைச்சிருக்கிற மனுசியைத் தெரியேல்லை. இதை நான் யதுவுக்குச் சொல்லவேணும். மாட்ஸ் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

— அக்கா, கொஞ்சம் பொறுங்க. அண்ணனுக்கு ஏலாம இரிக்கி போல.

— என்ன? இஞ்சேருங்கோ. ஏன் இப்பிடி வேர்க்குது? முகம் வெளிறிக் கிடக்கு. பகிடிக்கெல்லோ சொன்னனான். தம்பி, கொஞ்சம் தண்ணி எடுங்கோ.

— வேண்டாம். தண்ணி வேண்டாம். உதை வாங்கி வையுங்கோ தம்பி, விழுத்திப்போடுவன்.

— வச்சிட்டன். அண்ணன், இது உங்கட பிழையில்ல. அங்க எல்க் தலை இரிக்கு எண்டு நான் சொன்னன். சொன்னபடியால எல்க்கக் கண்டீங்க. ஆருக்கும் வாறதுதான். போன மாசம் ஒரு நோர்வேக்காரர் அந்த நெருப்பணைக்கிற சிலிண்டரக் காட்டி நரி எண்டார்.

— ரேடியோவிலையும் அப்பிடித்தான் சொன்னவை. எல்க் வருது எண்டவை.

— வந்ததுதானே. எல்க்தானே விழுந்தது. இறைச்சியை நான் கையாலை வெட்டினனான்.

— விழுந்தது எல்க்தான்.

— பிறகென்ன? தம்பி, அந்த வாய் பெருத்ததையே கட்டித் தாங்கோ. காசு நான் குடுக்கிறன். இவருக்குப் பசி. மத்தியானம் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை, அதுதான் தலை சுத்துது.

— கட்ட வேண்டாம் தம்பி. எனக்கு ஒரு ஸ்கோப்பும் வேண்டாம். நான் துவக்கைக் கொண்டுபோய் ஸ்தைனாரிட்டைக் குடுக்கப் போறன்.

— அண்ணன், யோசிச்சிச் செய்யுங்க. புள்ளியக் குறைச்சி வச்சிப் பழகினீங்க எண்டா—

— பழகிறதுக்கு மாட்ஸையோ நிப்பாட்டிப் பாக்கிறது?

— விசரே உங்களுக்கு? துவக்கைக் குடுக்கப் போறாராம். என்ன சொல்லிக் குடுப்பியள்? தேப்பன் நிண்ட இடத்தைத் தந்த மனுசனுக்கு என்ன மறுமொழி சொல்லுவியள்? அந்தப் பிள்ளை வயித்தோடை அந்த வீட்டிலை இருக்கிறாள். தமிழ்ச் சம்பந்திக்கு எங்கடை மரியாதை வேண்டாமாம் எண்டு அவை நினைக்கமாட்டினமோ?

— நினைக்கட்டும்.

— ஏன் நினைக்கட்டும்? ஒரு வருசமாய் நான் ஆருக்கெல்லாம் சொல்லியிருக்கிறன். கோயிலிலை, யதுவின்ரை வளைகாப்புக்குச் சொல்லப் போன வீடுகளிலை, எல்லா இடமும். கொம்பனை விட்ட மனுசன் எண்டு அந்தச் சனம் முழுக்க உங்களைத் தூக்கி வைச்சிருக்குது.

— அந்தப் பேரைத்தான் முதல் திருப்பிக் குடுக்கவேணும்.

— எனக்கு விளங்கேல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?

— தம்பி, நீர் மேலை போம். கடை பூட்டுற நேரம்.

— இல்லை, தம்பி நில்லுங்கோ. எல்லாக் கதையும் தம்பிக்கு முன்னாலைதானே சொன்னனான், இதையும் தம்பிக்கு முன்னாலையே சொல்லட்டும். ரெண்டு வந்து நிண்டது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?

— ரெண்டு நிண்டதுதான். ரெண்டும் கறுப்பு. விரதத்திலை கண்ணிலை வேறை பூச்சி பறந்தது. ரேடியோ திரும்பவும் என்ரை பேரைச் சொல்லுது. ஒண்டு தலைக்கு மேலை அகலமாய் விரிஞ்சு நிண்டது. கொம்பு எண்டு நினைச்சன். அதாலை மற்றதைச் சுட்டன்.

— அதைத்தானே நானும் சொல்றன். கொம்பைக் கண்டு விட்டனீங்கள். கொம்பன் மேட்டாலை ஏறி ஓடினதை மாட்ஸ் தன்ரை கண்ணாலை கண்டு தேப்பனுக்குச் சொன்னவன். அவன் ஒருநாளும் பொய் சொல்லாத பிள்ளை.

— அண்டைக்கு அந்தக் காட்டிலை கொம்பன் ஒண்டும் நிக்கேல்லை, மலர். எல்க்குக்குப் பின்னாலை வந்த மாட்ஸ்தான், சுடவேண்டாம் எண்டு ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டவன்.